வைக்கோலைச் சர்க்கரையாக்க: ஆசிடா, காஸ்டிக்கா, நீராவியா, சுண்ணாம்பா?

"அக்கா, எதுல சர்க்கரை அதிகமா வரும், அதை மட்டும் சொல்லுங்க" என்று போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். கூடப் பிறந்தவன் இல்லை, தரமணியில் எங்கள் லேபில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனவன். இப்போது அம்பத்தூரில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். வைக்கோல், கரும்புச் சக்கை, எது கிடைத்தாலும் அதைச் சர்க்கரைக் கரைசலாக்கி, அதில் டொருலா ஈஸ்ட் வளர்த்து, மீன் தீவனக்காரர்களுக்கு விற்பது திட்டம். ஒரு தடவைக்கு 50 கிலோ வைக்கோல். கையில் இருப்பது ஒரு பால் பண்ணை கழித்துப் போட்ட 700 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, சுற்றிலும் சுடுநீர் ஓடுகிற மேலுறையோடு. அழுத்தம் தாங்காது, 90 டிகிரி வரை சூடு ஏறும், அவ்வளவுதான்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "அலசுற தண்ணியை எங்கடா ஊத்தப் போறே?"

மறுமுனையில் சத்தமே இல்லை. ஏனென்றால் அவன் படித்த ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் 'நன்கு கழுவி, பி.எச். 7 வந்ததும்' (அதாவது ஊறவைத்த ஆசிடோ காரமோ போய் நடுநிலை வந்ததும்) என்று ஒரே ஒரு வரி இருக்கும், அந்த வரிக்குள் எத்தனை லாரித் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. சென்னையில் இருந்துகொண்டு ப்ரீட்ரீட்மென்ட், அதாவது வைக்கோலை முன்கூட்டியே இளக்குகிற வழி, தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான் என்பது என் கட்சி. சர்க்கரை எவ்வளவு வரும் என்பது இரண்டாவது.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். வைக்கோலில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்று இரண்டு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. முதலாவதை உடைத்தால் குளுக்கோஸ், இரண்டாவதில் பெரும்பகுதி சைலோஸ். இவற்றின் மேல் லிக்னின் என்கிற பிசின் ஏறியிருக்கும், காசிமேட்டில் தார் பூசிய வடக்கயிற்றைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உடைக்கிற வேலையைச் செய்வது என்சைம், ஆனால் வெறும் வைக்கோல் மேல் அதை ஊற்றினால் பத்தில் இரண்டு பங்கு வந்தாலே அதிகம். மாடு நாலு அறை வயிற்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அசைபோட்டே பாதிதான் செரிக்கிறது என்றால் நம் என்சைமைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் தாரைக் கரைத்தோ, கயிற்றைப் பிரித்தோ என்சைமுக்கு வழி விடுவதுதான் ப்ரீட்ரீட்மென்ட்.

உச்சவரம்பு எவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெல் வைக்கோலில் உலர் எடைக்குச் செல்லுலோஸ் 35 சதவீதம் என்று வைத்தால் 50 கிலோவில் 17.5 கிலோ. உடையும்போது தண்ணீர் சேர்வதால் எடை 1.11 மடங்கு ஆகும், ஆக 19 கிலோ சொச்சம் குளுக்கோஸ். ஹெமிசெல்லுலோஸ் பக்கம் சைலோஸும் மற்றதும் சேர்ந்து 12 கிலோ. இதற்கு மேல் யாராவது கணக்குக் காட்டினால் எங்கேயோ தப்பு.

அந்தத் தப்பை நாங்களே செய்திருக்கிறோம். லேப் இருக்கும் தெருமுனையில் ஒரு கரும்புச் சாறு வண்டி உண்டு, அண்ணன் நல்லவர், சாயங்காலம் ஒரு சாக்குச் சக்கையைச் சும்மாவே கொடுத்துவிடுவார். அதை வெட்டி, காயவைத்து, ஆசிடில் வேகவைத்துச் சர்க்கரை அளந்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மூன்று வாரம் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் சக்கையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எலுமிச்சை வாசனை, இடையில் நசுங்கிய இஞ்சித் துண்டு. வண்டியில் நாலு தடவை பிழிந்தாலும் சக்கையில் சாறு மிச்சம் இருக்கும், அந்தச் சாற்றில் இருக்கிற சர்க்கரையைத்தான் ஆசிட் குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரித்து எங்களுக்குக் காட்டியிருக்கிறது. நாங்கள் அளந்தது நாரின் சர்க்கரை இல்லை, விற்காமல் போன ஜூஸ். வண்டிச் சக்கையை எடுப்பதானால் முதலில் வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் காயப்போடுங்கள், அதுவும் அன்றைக்கே. இரண்டாம் நாள் சாக்கைத் திறந்தால் கள்ளுக்கடை வாடை அடிக்கும். ஆலைச் சக்கையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அது நமக்குக் கிடைக்காது. பாதி ஆலையின் சொந்த பாய்லருக்கே போகும், மீதிக்குக் கரூர் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை மாதிரி பெரிய கை காத்திருக்கிறது.

வைக்கோலும் இங்கே சும்மா கிடைப்பதில்லை. பஞ்சாபில் எரிக்கிறார்கள், அதனால் அது குப்பை. திருவள்ளூரிலும் செங்கல்பட்டிலும் அது மாட்டுக்கு உணவு, கட்டுக் கணக்கில் விலை பேசுவார்கள். மழையில் நனைந்து மாடு முகம் திருப்புகிற கட்டுகளை மலிவாக வாங்கலாம்தான், ஆனால் பூஞ்சணம் உங்களுக்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்துவிட்டது என்பதை ஞாபகம் வையுங்கள். கோயம்பேட்டில் மலை மாதிரிக் குவிகிற வாழைத்தண்டு? வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், லாரி வாடகைக்குத் தண்ணீர் சுமப்பீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

புத்தகத்தைத் திறந்து அறிவாளித்தனமாக விடை சொல்வதானால் நீராவி வெடிப்பு. 180 முதல் 220 டிகிரி நீராவியில் வைக்கோலைச் சில நிமிடம் வைத்திருந்து, வால்வைப் படாரென்று திறந்துவிடுவது. உள்ளே புகுந்த ஈரம் ஒரே நேரத்தில் ஆவியாகி நாரைக் கிழித்துவிடும். ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருக்கும் அசிட்டிக் அமிலமே பிரிந்து வந்து மீதி வேலையைச் செய்யும், தனியாக ரசாயனம் வேண்டாம். 1920-களிலேயே அமெரிக்காவில் மேசன் என்பவர் மரச் சீவலை இப்படி வெடிக்கவைத்துப் பலகை செய்தார், மேசனைட் பலகை என்று அவர் பெயரிலேயே வந்தது. தண்ணீர் குறைவு, கழிவு குறைவு, என் அளவுகோலில் முதல் மதிப்பெண் இதற்குத்தான் போக வேண்டும். ஆனால் 200 டிகிரி நீராவி என்றால் 15 பார் அழுத்தம். வாடகை ஷெட்டில் பாய்லர் வைத்தால் அதற்குப் பதிவு, ஆண்டுதோறும் சோதனை, லைசென்ஸ் உள்ள ஆள் என்று ஒரு தனிக் குடித்தனமே நடத்த வேண்டும். பால் தொட்டிக்கு 15 பார் கொடுத்தால் ஷெட்டின் கூரை ஆவடியில் போய் விழும்.

"அப்போ ஆட்டோகிளேவ்லயே ஆவி மட்டும் கொடுத்து வச்சா?" என்று எல்லா மாணவர்களும் ஒரு தடவையாவது கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். இந்தத் துறையில் ஒரு கட்டைவிரல் விதி உண்டு, சூடு 10 டிகிரி ஏறினால் வேலை இருமடங்கு வேகமாக நடக்கும். லேபில் கிருமி நீக்குகிற பெரிய குக்கர்தான் ஆட்டோகிளேவ், அது 121 டிகிரி, வீட்டு குக்கரும் விசில் வரும்போது கிட்டத்தட்ட அதேதான். 200 டிகிரியில் 5 நிமிடத்தில் நடப்பது 121-ல் நடக்க 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெறும் தண்ணீரோடு ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிட்டு 'ப்ரீட்ரீட்மென்ட் செய்தேன்' என்று ரிப்போர்ட் எழுதுபவர்கள் உண்மையில் செய்தது வைக்கோல் அவியல்.

அடுத்து ஆசிட். அரை முதல் இரண்டு சதவீதம் வரை கந்தக அமிலம், 140 முதல் 190 டிகிரி வரை சூடு, சில நிமிடத்திலிருந்து அரை மணி நேரம். ஹெமிசெல்லுலோஸ் முழுசாகக் கரைந்து சைலோஸாகத் திரவத்துக்கு வந்துவிடும், செல்லுலோஸ் திடப்பொருளாக நிற்கும். தம்பியின் திட்டத்துக்கு இது ஆசை காட்டுகிற வழி, ஏனென்றால் ரொட்டிக் கடை ஈஸ்ட் சைலோஸைத் தொடாது, டொருலா சாப்பிடும். போர்க்கால ஜெர்மனியில் மரத்தை ஆசிடில் உடைத்து வந்த சர்க்கரையில் டொருலாவை வளர்த்து உணவிலேயே சேர்த்தார்கள்.

கெடுதல் என்னவென்றால் சைலோஸ் அங்கேயே நிற்காது. சூடும் நேரமும் கொஞ்சம் கூடினால் ஃபர்ஃப்யூரலாக மாறிவிடும், அது ஈஸ்டுக்கு விஷம். மூடியைத் திறந்ததும் பாதாம் மாதிரி ஒரு வாசனை வந்தால் உங்கள் சர்க்கரை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கருகிய வெல்ல வாடை வந்தால் போய்விட்டது. ஒருவருக்கு விஷம், இன்னொருவருக்கு வியாபாரம் என்பது வேறு கதை: 1922-ல் அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி ஓட்ஸ் உமியை ஆசிடில் வேகவைத்து ஃபர்ஃப்யூரலையே சரக்காக விற்க ஆரம்பித்தது.

தம்பிக்கு ஆசிட் ஏன் ஒத்துவராது என்றால், 90 டிகிரியில் நீர்த்த ஆசிட் வைக்கோலை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, தொட்டியை நன்றாகவே செய்யும். சூடான கந்தக அமிலம் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்துவிடும், அதற்கென்று நிக்கல் கலந்த விலை உயர்ந்த உலோகம் வேண்டும். நெல் வைக்கோலின் சாம்பலில் இருக்கும் பொட்டாசியமும் மற்றதும் ஊற்றிய ஆசிடில் ஒரு பகுதியை அடித்துவிடும், அதனால் கட்டுரையில் போட்ட ஒரு சதவீதம் உங்கள் தொட்டியில் ஒரு சதவீதமாக இருக்காது. அப்புறம் 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து பாரிமுனையில் போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது, அடையாள அட்டை, எதற்கு என்கிற விவரம் எல்லாம் பதிவாகும். அது நல்லதுதான்.

ஆசிடுக்கு ஒரு விதிவிலக்கு சொல்வேன். மெரினாவில் சுட்ட சோளம் தின்றுவிட்டுத் தூக்கிப் போடுகிற கட்டை இருக்கிறதே, அதில் மூன்றில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸ், சாம்பல் மிகக் குறைவு. சைலோஸ்தான் வேண்டும் என்பவர்கள், கல்லூரி ஆட்டோகிளேவ் வைத்திருக்கும் மாணவர்கள், கண்ணாடிக் குடுவையில் சோளக்கட்டைத் தூளை ஒரு சதவீத ஆசிடோடு 121 டிகிரியில் வைத்துப் பாருங்கள், கைமேல் பலன். மணல் ஒட்டியிருக்கும், கழுவிவிட்டு எடைபோடுங்கள்.

இப்போது காஸ்டிக் சோடா, ஆசிடுக்கு நேர் எதிரான கடுங்காரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டியைப் பார்த்தால் விடை இதுதான் என்று தோன்றும். பால் பண்ணையில் அந்தத் தொட்டியைக் கழுவுவதே சூடான காஸ்டிக் கரைசலில்தான், அதனால் உலோகத்துக்கு ஒரு பயமும் இல்லை. 90 டிகிரியே போதும். இரண்டு சதவீதக் கரைசலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் லிக்னின் பெரும்பகுதி கரைந்து, திரவம் கும்பகோணம் டிகிரி காபிக்கு இறக்கிய முதல் டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிடும். வெளியே எடுக்கிற நார் வெளிர் மஞ்சளாக, ஊறவைத்த அவல் மாதிரிக் கையில் குழையும். என்சைம் அதன் மேல் பாய்ந்து விழும், குளுக்கோஸ் கணக்கில் நீர்த்த ஆசிட், சுண்ணாம்பு எதுவும் இந்த 90 டிகிரியில் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நெல் வைக்கோலில் லிக்னின் குறைவு என்பதால் இது இன்னும் சுலபமாக நடக்கிறது.

தண்ணீர் கணக்குக்கு வாருங்கள். 50 கிலோ வைக்கோலுக்கு 500 லிட்டர் கரைசல், அதில் 10 கிலோ காஸ்டிக். வேலை முடிந்ததும் மிஞ்சுகிற 30 கிலோ நாரை என்னதான் பிழிந்தாலும் அதில் 100 லிட்டர் கறுப்புத் தண்ணீர் தங்கும். அதன் மேல் 500 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பிழிந்தால் காரம் ஆறில் ஒரு பங்காகும். மூன்று தடவை செய்தால் 216-ல் ஒரு பங்கு. ஆக அலச மட்டும் 1,500 லிட்டர், நாலு பேட்சுக்கு 6,000 லிட்டர், அதாவது ஒரு சின்ன லாரித் தண்ணீர், சம்பாதித்தது அறுபது எழுபது கிலோ சர்க்கரை. அந்தச் சர்க்கரையை மளிகைக் கடையில் வாங்கிவிடலாமே என்று தம்பியின் அம்மா கேட்டிருக்கிறார். அவர் கேட்டது நியாயம்தான்.

இதில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, இந்த ஊரில் அதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது துணி துவைத்த வீடுகளில் என்ன செய்தோம்? கடைசி அலசு தண்ணீரைக் கொட்டாமல் பக்கெட்டில் பிடித்துவைத்து அடுத்த துணிக்கு முதல் அலசாக ஊற்றினோம். அதே வேலைதான். மூன்று நீல டிரம் வையுங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் மூன்றாம் அலசுக்கு மட்டும், அது அடுத்த பேட்சின் இரண்டாம் அலசாகும், அது அதற்கடுத்ததின் முதல் அலசாகும், முதல் அலசிலிருந்து வருகிற கறுப்புத் தண்ணீரில் இன்னும் காஸ்டிக் இருப்பதால் அதையே புதுக் கரைசல் கலக்க எடுத்துக்கொள்ளலாம். 500 லிட்டர் நல்ல தண்ணீரில் காரம் 156-ல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும், மீதி துளியை ஆசிட் சொட்டு சரிசெய்துவிடும். 1,500 லிட்டர் வேலை 500 லிட்டரில் முடிகிறது.

ஆனால் கறுப்புத் தண்ணீர் மாயமாகாது. நாலு தடவை திரும்பப் பயன்படுத்தினாலும் ஒரு நாள் அதை எங்காவது விட்டாக வேண்டும். நீர்நிலையில் விடுகிற கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வரம்பு பி.எச். 5.5 முதல் 9, சி.ஓ.டி. (தண்ணீரில் கரைந்த அழுக்கை ரசாயன முறையில் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராம். காஸ்டிக்கில் கரைந்த லிக்னினும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர் பல்லாயிரங்களில் நிற்கும். ஆசிட் ஊற்றி நடுநிலையாக்கினால் லிக்னின் பழுப்புச் சேறாகப் படியும், அதோடு வைக்கோலிலிருந்து கரைந்து வந்த சிலிக்காவும் கஞ்சி மாதிரிப் பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடும். ஒரு தடவை எங்கள் லேபில் இதை வடிகட்ட வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் நாலு சொட்டுதான் இறங்கியிருந்தது. பெரிய காகித ஆலைகள் கறுப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் கெட்டியாக்கி எரித்துக் காஸ்டிக்கைத் திரும்ப எடுக்கின்றன, அதற்கே நெல் வைக்கோலின் சிலிக்கா பெரிய தலைவலி. அம்பத்தூர் ஷெட்டுக்கு அந்த வசதி ஏது? வாசலில் ஓடும் மழைநீர் வாய்க்கால் ஒன்றுதான், அதில் விடுவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

இங்கேதான் சுண்ணாம்பு வருகிறது. கட்டுரைகளில் கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட பையன், ஆனால் வேலைக்காரன். நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் கரைவதே லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுற்றுதான், சூடு ஏற ஏற இன்னும் குறையும். அதனால் காரம் பி.எச். 12.4-க்கு மேல் போகாது, தீர்ந்ததும் அடியில் கிடக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகட்டும். 50 கிலோ வைக்கோலுக்கு 5 கிலோ சுண்ணாம்பு, 250 லிட்டர் தண்ணீர். 60 டிகிரியில் மூடி வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் மறந்துவிடலாம். மூட்டை எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலை காஸ்டிக்கோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, கையில் பட்டால் எரியும்தான், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஆனால் சூடான காஸ்டிக் தெறித்தால் வருகிற நடுக்கம் இதில் இல்லை.

லிக்னின் இதில் அவ்வளவாக வெளியே போகாது. கால்சியம் அதைப் பிடித்து நாரோடேயே வைத்துக்கொள்கிறது. ஆனால் ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருந்த அசிட்டிக் அமிலத் துண்டுகள், அதாவது அசிட்டைல் முடிச்சுகள், அவிழ்ந்துவிடும், என்சைம் நுழைய அது ஓரளவு போதும். காஸ்டிக் நார் எண்பது சதவீதச் சர்க்கரை கொடுக்கிற இடத்தில் இது ஐம்பத்தைந்து அறுபது கொடுக்கும், எங்கள் கையில் அப்படித்தான் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் அலசவே வேண்டாம் என்பது. அளந்து ஆசிட் விட்டால் சுண்ணாம்பு ஜிப்சமாக மாறிவிடும், 5 கிலோ சுண்ணாம்புக்கு ஆறரை கிலோ கந்தக அமிலம், 11 கிலோ சொச்சம் ஜிப்சம். அந்த ஆசிடைப் பதிவோடு முறையாக வாங்கித்தான் ஆக வேண்டும். ஜிப்சம் கரையாமல் கிடக்கும், என்சைமை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அதே தொட்டியில் அப்படியே அடுத்த வேலையைத் தொடங்கலாம். கலக்குவதற்குத்தான் மோட்டார் அழும். லிக்னினிலிருந்து கரைந்த பீனால் வகைகள் கொஞ்சம் தடை செய்வதால் என்சைமும் கூடுதலாகச் செலவாகும். அந்தக் கூடுதல் செலவையும் குறைந்த சர்க்கரையையும் ஒரு தட்டில் வைத்து, லாரித் தண்ணீரையும் கறுப்புத் தண்ணீரையும் மறு தட்டில் வைத்துப் பாருங்கள்.

அம்மோனியாவைச் சொல்லாமல் விட்டால் இந்தத் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அழுத்தத்தில் திரவ அம்மோனியாவைச் செலுத்தித் திடீரென்று விடுவிப்பது, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை. அலச வேண்டாம், அம்மோனியாவைத் திரும்பப் பிடிக்கலாம், மிஞ்சிய துளி ஈஸ்டுக்கு நைட்ரஜன் உணவு. தண்ணீர்க் கணக்கில் அழகு. ஆனால் 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாய் கசிந்து, நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியதைப் பார்த்த ஊர் இது. பக்கத்து ஷெட்டில் தையல் யூனிட் இருக்கும் இடத்தில் சிலிண்டர் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் கிராமத்துத் தம்பி யூரியா. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடிவைப்பது, கால்நடை மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் தீவன முறை. யூரியா உடைந்து அம்மோனியா வந்து வைக்கோலை இளக்கும். மாட்டுக்கு நல்லது. நமக்கு 21 நாளும் அதிகம், இளக்கமும் போதாது. மேலும் விவசாயத்துக்கு மானியத்தில் வருகிற வேப்பம்பூச்சு யூரியாவைத் தொழிலுக்குத் திருப்பினால் அது குற்றம்.

சிப்பிக்காளான் வளர்த்துவிட்டு மிஞ்சிய வைக்கோலை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: காளான் லிக்னினைத் தின்னும், கூடவே உங்கள் சர்க்கரையிலும் கை வைக்கும். காளான்தான் வியாபாரம் என்றால் சரி. அயனித் திரவம் (உப்பே திரவமாக இருக்கிற கரைப்பான்) எல்லாம் லேப் சமாச்சாரம், ஒரு லிட்டர் விலையில் ஒரு வண்டி வைக்கோல் வாங்கிவிடலாம். கோழித் தீவனத்தில் சேர்க்கிற கோலைன் குளோரைடை லாக்டிக் அமிலத்தோடு கலந்து செய்கிற கரைப்பான் விலை குறைவு, வேலையும் செய்கிறது, ஆனால் பாகு மாதிரி கெட்டி, திரும்ப எடுக்க மறுபடி தண்ணீர்தான்.

பெரிய ஆலைகளைப் பார்த்துக் காப்பியடிப்பதும் உதவாது. பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் வைக்கோல் எத்தனால் ஆலை 2022 ஆகஸ்ட் 10-ல் தொடங்கப்பட்டது, தினம் ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவு, வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோல். ருமேனியாவில் கிளாரியண்ட் கட்டிய கோதுமை வைக்கோல் ஆலை ரசாயனம் இல்லாமல் நீராவியிலேயே நடந்தது, 2023 முடிவில் மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் டுபாண்ட் நீர்த்த அம்மோனியா வழியில் போனது, 2015-ல் திறந்து 2017-ல் கைவிட்டது. அவரவர் வைக்கோல், அவரவர் தண்ணீர், அவரவர் கடன்.

என்சைம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் எந்த வழியில் போனாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பீர்கள். 50 டிகிரி, பி.எச். 5, மூன்று நாள். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளைத் தின்று தீர்த்த பூஞ்சையின் வாரிசுதான் இன்றும் இதைச் சுரக்கிறது. மூன்று நாளில் கரண்ட் போய்ச் சூடு நாற்பதுக்கு இறங்கினால் பாக்டீரியா பந்தி விரித்துவிடும், காலையில் பார்த்தால் சர்க்கரைக்குப் பதில் புளிப்பு. லேபில் இதைத் தடுக்க அசைடு என்கிற விஷ உப்பைப் போடுவார்கள், மீன் தீவனம் செய்கிறவன் அதன் பக்கமே போகக் கூடாது. யு.பி.எஸ். வாங்குங்கள்.

ஆக நான் தம்பிக்குச் சொன்னது: முதல் மூன்று மாதம் சுண்ணாம்பு, அலசாமல். ஈஸ்ட் நன்றாக வளர்ந்து வாங்க ஆளும் கிடைத்து, கறுப்புத் தண்ணீரை முறையாக எடுத்துக்கொள்ளும் இடமும் அமைந்தால், அதே தொட்டியில் காஸ்டிக்குக்கு மாறலாம், மூன்று டிரம் அலசலோடு. கல்லூரிப் பிராஜெக்ட்காரர்கள் இதைப் பார்க்க வேண்டாம், உங்களுக்கு அரை லிட்டர் கழிவுதான், காஸ்டிக்கே எடுத்துக்கொள்ளுங்கள், எண் நன்றாக வரும். அவனுக்கு முகம் தொங்கிப் போனது போனிலேயே தெரிந்தது. "சுண்ணாம்பு அடிக்கவா அக்கா பி.டெக். படிச்சேன்?"

போன வாரம் ஷெட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாவது பேட்ச். என்சைம் கேனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மூடியைத் திறந்துகொண்டிருந்தான். பி.எச். பார்த்தாயா என்றேன். காலையில் ஆசிட் விட்டு 5-க்குக் கொண்டுவந்து நோட்டிலும் எழுதியாயிற்று என்றான். தொட்டியில் பி.எச். தாளை நனைத்துக் காட்டினேன், 8 தாண்டி நின்றது. நாருக்குள்ளும் அடியிலும் கரையாமல் கிடந்த சுண்ணாம்பு காலையிலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து மேலே ஏற்றிவிட்டிருக்கிறது, அதில் ஊற்றியிருந்தால் அத்தனை என்சைமும் வீண். கேனை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். கொஞ்சம் ஆசிட், கால் மணி நேரக் கலக்கல், ஒரு தாள். மறுபடி ஏறியது. மறுபடி கொஞ்சம் ஆசிட். சாயங்காலம் ஆறரைக்குத்தான் அது 5-ல் நின்றது, அதுவரை அவன் போனில் சொல்லி டீ மூன்று தடவை வந்தது.